கொடிமலை: தண்ணீர்மலையில் ஏறி ஆயர் ஈத்தாமில் இறங்குவது எப்படி

ஐரோப்பா போய்விட்டு வந்த என் சித்தப்பா மகன் ஒரு மாதம் ஓயாமல் கணவாய்க் கதைதான் பேசினான். காலையில் ஒரு ஊரில் கிளம்பி, பனி மூடிய கணவாயைத் தாண்டி, சாயங்காலம் வேறு ஊரில் இறங்கினானாம். பினாங்கில் பிறந்த எனக்குக் கணவாய் என்றால் கணவாய்மீன் சம்பல்தான் நினைவுக்கு வரும். இருந்தாலும் போன வழியிலேயே திரும்பாத நடை என்றதும் ஆசை தொற்றிக்கொண்டது. நமக்குக் கொடிமலை (பினாங்கு ஹில்) இருக்கிறதே! தண்ணீர்மலைப் பக்கம் ஏறி ஆயர் ஈத்தாம் பக்கம் இறங்கினால் அரை நாள் நடை. நானும் அண்ணியும் மூன்று ஆண்டுகளாக இப்படி நடக்கிறோம். எனக்கு 47 வயது, அண்ணிக்கு 52. நாங்கள் ஓட்டப்பந்தய வீராங்கனைகள் இல்லை என்பதற்காக வயதைச் சொல்கிறேன்.

இறங்கிய பிறகு வீட்டுக்கு எப்படிப் போவீர்கள்? முதலில் இதற்கு ஒரு பதில் வைத்துக்கொண்டு, அப்புறம் சப்பாத்தைத் தேடுங்கள்.

முதல் தடவை நாங்கள் பெரிய புத்திசாலிகள் போல இரண்டு காடி (கார்) எடுத்துப் போனோம். என் மைவியைக் கொடிமலை ரயிலின் கீழ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அண்ணியின் காடியில் இருவரும் தண்ணீர்மலைக்குப் போய் அங்கிருந்து ஏறினோம். மலைக்குக் கைப்பை எதற்கு என்று அதை அண்ணியின் காடியில் இருக்கைக்கு அடியில் தள்ளினேன். மதியம் ஒரு மணிக்கு, முட்டி இரண்டும் நடுங்க, மைவி முன்னால் வந்து நின்றோம்.

“கதவைத் திற, உட்காரணும்,” என்றார் அண்ணி.

“சாவி கைப்பையில இருக்கு அண்ணி.”

“கைப்பை?”

நான் மலையைப் பார்த்தேன். அண்ணியும் திரும்பி மலையைப் பார்த்தார். சாவி அதற்கு அந்தப் பக்கம் இருந்தது. வாடகைக் காடி பிடித்துத் தண்ணீர்மலை போய், கைப்பையை எடுத்து, மறுபடி ஆயர் ஈத்தாம் வந்து சேரும் வரை அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது எங்களுக்கு ஒரே காடிதான். அதை இறங்கும் இடத்தில் விட்டுவிட்டு, ஏறும் இடத்துக்கு கிராப் வாடகைக் காடி பிடித்துப் போகிறோம். காலையில் தெம்பு இருக்கும், காடிக்குக் காத்திருக்கலாம். மதியம் அந்தப் பொறுமை இருக்காது. சாவியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டு, பையின் வாயை ஊக்கால் குத்திவிடுவேன். ஏறும்போது நின்று நின்று அதைத் தொட்டுப் பார்க்கிற பழக்கமும் வந்துவிட்டது. காடியில் மாற்றுச் சட்டை, துண்டு, செருப்பு மூன்றும் காத்திருக்கும். சொந்தக் காடி இல்லையா? அதுவும் பிரச்சினை இல்லை. கீழ் நிலையத்திலிருந்து 204-ஆம் எண் ரேபிட் பினாங்கு பேருந்து ஜார்ஜ் டவுன் நகர மையத்தில் இருக்கும் கொம்தாருக்குப் போகிறது.

நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வெளிச்சம் வர ஏழு மணியாகும், ஜனவரி பிப்ரவரியில் இன்னும் கொஞ்சம் தாமதம். ஏழு மணிக்கு முதல் அடி வைத்தால் கைவிளக்கு தேவையில்லை. மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். செப்டம்பர், அக்டோபரில் அது கொட்டுகிற கொட்டில் படிகள் ஓடையாகிவிடும், அந்த இரண்டு மாதமும் நாங்கள் போவதில்லை. 2017 நவம்பரில் வந்த பெரும்புயலில் இந்த மலையில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கனமழை பெய்த வாரம் என்றால் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் மலையேற்றம் வேண்டாம். தண்ணீர்மலைக் கோயில் சாலையில் அப்போது காவடிக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும்தான் இடம்.

சப்பாத்து விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முந்நூறு நானூறு வெள்ளி கொடுத்து வாங்கிய மலையேறும் சப்பாத்துடன் வருபவர்கள் ஈரப் பாசியில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். நான் போடுவது கம்போங் அடிடாஸ். முழுக்க ரப்பரில் வார்த்த கறுப்புச் சப்பாத்து, அடியில் குமிழ் குமிழாக இருக்கும். அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது இதைத்தான் போட்டார். மழை ஈரத்தில், இருட்டில், சரிவில் மரத்துக்கு மரம் ஓடினவர் வழுக்கி விழுந்ததாக நினைவில்லை. உள்ளூர் இரும்புக் கடையில் கிடைக்கும், விலையும் சொற்பம். ஒரு குறை உண்டு, காற்று புகாது. தடித்த காலுறை போட்டு, கால்விரல் நகத்தை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிடுங்கள். நகம் நீளமாக இருந்தால் இறக்கத்தில் முன்பக்கம் இடித்து இடித்துக் கறுத்துவிடும்.

பையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, சின்ன டப்பாவில் அசாம் போய் (உப்பில் ஊறிக் காய்ந்த புளிப்புப் பழம்). வியர்த்துக் கொட்டி வாய் வறண்டு, எதைப் பார்த்தாலும் வேண்டாம் என்று தோன்றும் நேரத்தில் அந்தப் புளிப்பும் உப்பும் ஆளை எழுப்பிவிடும். பசியாறுதலுக்கு அண்ணி புளியோதரை கட்டுவார். மைகாட் அடையாள அட்டையை மறக்காதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி பாதை. தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு. 513 படியும் ஏறிவிட்டு மலைக்குப் போகலாம் என்று அண்ணி ஒரு முறை சொன்னார். நான் காது கேட்காதது போல இருந்துவிட்டேன். அதே சாலையில் தாவரவியல் பூங்காவை நோக்கி நடந்தால், பூங்கா வாசலுக்குக் கொஞ்சம் முன்பே, வட்ட நிலா மாதிரி வாய் திறந்த பழைய சுவர் ஒன்று தெரியும். அதுதான் மூன் கேட். அதற்குள் நுழைந்ததும் படி தொடங்குகிறது.

பூங்கா பக்கத்திலிருந்து உச்சி வரை ஜீப் பாதையும் இருக்கிறது, சுமார் 5 கிலோமீட்டர் நீளம். வழி தவறவே முடியாது. ஆனால் முழுக்கத் தார், முழுக்க ஏற்றம், நடுவில் மலைமேல் குடியிருப்பவர்களின் ஜீப் வேறு. அதனால் முதல் பாதியைக் காட்டுக்குள் நடந்து, பிறகு ஜீப் பாதையைப் பிடிப்பது எங்கள் வழக்கம். மூன் கேட்டிலிருந்து ஐந்தாம் நிலை என்ற இளைப்பாறும் இடம் வரை எங்கள் வேகத்துக்கு 40 நிமிடம். இந்த 40 நிமிடத்தில்தான் பலர் தோற்கிறார்கள். உடம்பு சூடாகும் முன்பே படி செங்குத்தாக வரும், மூச்சு இரைக்கும், நம்மைவிட இருபது வயது மூத்த சீனப் பாட்டி ஒருவர் “மோர்னிங்!” என்று சிரித்தபடி கடந்து போவார். அவரைத் துரத்தாதீர்கள், அவர் தினமும் வருகிறவர். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். அண்ணி மாமியார் கதையை நிறுத்தினால் நான் நடையைக் குறைத்துவிடுவேன்.

ஐந்தாம் நிலையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, 84 என்று எண் போட்ட நிலைக்குக் காட்டுப் பாதையில் ஏறுங்கள். வேரும் கல்லுமான பாதை, வெயில் படாது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகளை இங்கே பார்க்கலாம். அதன் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அவை தள்ளியே நிற்கும். கீழே பூங்கா பக்கம் இருக்கும் நீளவால் குரங்குகள் அப்படியில்லை. பிளாஸ்டிக் பை சரசரத்தாலே கிட்ட வந்துவிடும். புளியோதரையைத் துணிப்பையில் கட்டி, முதுகுப்பைக்குள் வையுங்கள்.

84-இல் ஜீப் பாதை வந்து சேரும். தொண்டர்கள் வைக்கும் தேநீர் அங்கே எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டுக் குடித்தோம். அதை நம்பித் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். இனி உச்சி வரை தார்ச்சாலைதான், அழகு ஒன்றும் இல்லை. வளைவுக்கு வளைவு இதுதான் கடைசி என்று மனம் ஏமாற்றும். குறுக்கும் நெடுக்குமாக, பாம்பு மாதிரி வளைந்து நடங்கள், கெண்டைக்கால் பிடிக்காது.

பத்து, பத்தரைக்கு உச்சி. இங்கே முதலில் சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். கீழே இருப்பதைவிட நன்றாகவே குளிரும், ஈரச்சட்டையோடு உட்கார்ந்தால் மறுநாள் தும்மல்தான். மலைமேல் திருமுருகன் கோயிலும் பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. கோயிலுக்குள் போக விருப்பமிருந்தால் முழுக்கால் சட்டை போட்டு வந்திருக்க வேண்டும். மலையின் மிக உயர்ந்த இடமான மேற்கு மலை, 833 மீட்டர், இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒருவழி நடைக்கு அதைச் சேர்க்காதீர்கள்.

புளியோதரையை முடித்துவிட்டு இங்கே உண்மையாக ஒரு கணக்குப் போடுங்கள். முட்டி வலிக்கிறதா? மழைமேகம் கூடுகிறதா? ஆம் என்றால் ரயிலில் இறங்கிவிடுங்கள். அதுவும் ஆயர் ஈத்தாம் பக்கத்துக் கீழ் நிலையத்துக்குத்தான் போகிறது, காடியும் அங்கேதான் நிற்கிறது. மைகாட் இருந்தால் உள்ளூர்க் கட்டணம். இந்த நடையை நான் புதியவர்களுக்குத் தைரியமாகச் சொல்வதற்குக் காரணமே இந்த ரயில்தான்.

சரி, நடந்தே இறங்குவது என்றால் ஹெரிடேஜ் டிரெயில் பலகையைப் பிடியுங்கள். முதலில் சாலை, பிறகு படி, படி, படி. பாதை ரயில் தடத்தை ஒட்டியே போவதால் அவ்வப்போது பெட்டி உரசிப் போகும் சத்தம் கேட்கும். வழியில் நடு நிலையம் வரும். 1923-இல் ஓடத் தொடங்கிய பழைய ரயிலில் இங்கே இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். சின்ன வயதில் அப்பா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு ஓடி ஜன்னல் இருக்கையைப் பிடித்தது இங்கேதான். 2011-இல் வந்த புது ரயில் நிற்காமல் நேராக ஏறிவிடுகிறது.

படியில் நேராக இறங்காமல் லேசாகப் பக்கவாட்டில் காலை வையுங்கள். பாதி தூரத்தில் ஒரு முறை நின்று சப்பாத்துக் கயிற்றை இறுக்குங்கள் (கம்போங் அடிடாஸில் கயிறே கிடையாது, அது வேறு விஷயம்). எங்களுக்கு இறக்கம் ஒன்றே முக்கால் மணி நேரம். கடைசி நூறு படியில் அண்ணி கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்குவார். யார் சிரித்தாலும் அவருக்குக் கவலையில்லை, மறுநாள் அலுவலக மாடிப்படியில் நொண்டுவது நான்தான்.

கீழே வந்ததும் முதல் வேலை, ஊக்கைக் கழற்றுவது. காடியைத் திறந்து, ஈரச் சப்பாத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பின்னால் போட்டு, செருப்புக்கு மாறினால் பாதம் இரண்டு அளவு பெரிதானது போலத் தோன்றும். பிறகு ஆயர் ஈத்தாமில் ஆளுக்கு ஒரு கிண்ணம் அசாம் லக்சா, புளிப்பு மீன்குழம்பில் போட்ட நூடல்ஸ். மிளகாய் தூக்கலாக.