புதிய மீன்தொட்டியைப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதைக் கண்டு தொட்டி தயாராகிவிட்டதென்று முடிவு செய்வதே முதல் தவறு. மற்றவற்றில் பல இதிலிருந்தே பிறக்கின்றன. மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் வெளிப்படும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை இன்னொரு வகை, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். இவ்விரண்டும் போதிய அளவு பெருக வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். இதையே சைக்கிளிங் என்கிறோம்.

வெறும் தண்ணீரில் ஃபில்டரை ஓடவிட்டு அத்தனை வாரமும் காத்திருப்பவர்கள் உண்டு. உணவில்லாத இடத்தில் பாக்டீரியா வளராது என்பதால் அந்தப் பொறுமை வீணாகிறது. வாசனைப் பொருளோ சோப்போ கலக்காத அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இட்டு, குறையக் குறைய மீண்டும் சேர்க்க வேண்டும். அதிகம் இட்டால் விரைவில் முடியும் என்பதும் தவறு. 5 மில்லிகிராமைத் தாண்டினால் வளர்ச்சியே மந்தமாகலாம்.

பலரும் ஏமாறுவது பாதி வழியில்தான். அம்மோனியா பூஜ்யத்துக்கு இறங்கியதும் மகிழ்ந்து மீன்களை விட்டுவிடுகிறார்கள். ஆனால் இரண்டாம் வகை பாக்டீரியா மெதுவாக வளர்வதால் அப்போதுதான் நைட்ரைட் உச்சத்தில் இருக்கும். நைட்ரைட் மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைப் பறிப்பதால், தண்ணீரில் காற்று நிறைந்திருந்தும் மீன் மேற்பரப்பில் வாய் திறந்து தவிக்கும். (ஏர் பம்பைக் கூட்டி வைத்து மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது.) ஆகவே 2 மில்லிகிராம் அம்மோனியா இட்ட 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகின்றனவா என்று சோதனைக் கிட்டில் பார்த்த பிறகே மீன் விட வேண்டும்.

பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிட ஃபில்டர் ஸ்பாஞ்சிலேயே அதிகம் ஒட்டி வாழ்கிறது. அந்த ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் பல வார உழைப்பு கரைந்துபோகும்; தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுவதே சரி. ஃபில்டரை இரவில் நிறுத்துவதும் ஆக்சிஜன் இல்லாமல் அவற்றை வாட்டும். குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடலாம், சில இடங்களில் அதற்குப் பதிலாகக் கலக்கப்படும் குளோரமைன் அப்படிப் போகாது. அதற்குக் குளோரின் நீக்கி மருந்து தேவை.

சோதனையில் தேறியதும் சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கத் தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றுங்கள். எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடாமல், சிலவற்றை மட்டும் விட்டு, அடுத்த ஒரு வாரம் தினமும் அளந்து பாருங்கள்.