ரிமோட் மான்ஸ்டர் டிரக்கில் பெரிய சக்கரமும் கூடுதல் பவரும்: எதை முதலில் மாற்றுவது

பெரிய டயரை மாட்டினால் போதும் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். 1/10 அளவு வண்டி. கம்பெனி கொடுத்த 115 மி.மீ. டயரைக் கழற்றிவிட்டு 150 மி.மீ. டயர் மாட்டினேன், அதே வேகத்தில் 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை எடுத்துவிட்டு 3 செல் போட்டேன், வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே பாலாற்று மணலில் கொண்டுபோய் இறக்கினேன். முதல் நாற்பது அடி ராஜா மாதிரி போனது. அப்புறம் டக்கென்று ஒரு சத்தம். மோட்டார் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கவிழ்த்துப் பார்த்தால் பின்பக்க டாக்போன், அதாவது சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு, பிளாஸ்டிக்தான், முறுக்கு பிழிந்த மாதிரி திருகிக்கொண்டு கிடக்கிறது. அதை மாற்றியதும் மோட்டார் சுழற்றுகிற பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரில் பல் போனது, அதையும் மாற்றியதும் மோட்டார் கருகியது. ஒவ்வொன்றாகக் காசு அழுதபிறகுதான் புரிந்தது, நான் வாங்கியதில் தப்பில்லை, வாங்கிய வரிசைதான் தப்பு. பவரைக் கடைசியில் தொட வேண்டும்.

முதலில் கியர். டயர் பெரிதானால் மோட்டாருக்கு அது டாப் கியரில் மேடு ஏறுகிற கதைதான். 115-லிருந்து 150 என்றால் விட்டம் 30 சதவீதம் கூடுகிறது, மோட்டார் ஒரு சுற்றுக்கு முன்பைவிட 30 சதவீதம் கூடுதல் தூரம் வண்டியைத் தள்ள வேண்டும். எடையையும் பாருங்கள். வீட்டில் சமையலுக்கு வைத்திருக்கிற தராசில் போட்டேன்: பழைய சக்கரம் ஒன்று 90 கிராம், புதியது 210 கிராம். எடை பெரும்பாலும் வெளி விளிம்பில் இருப்பதால் ஆரம் கூடக்கூட அதைச் சுழற்றும் பாரம் வர்க்கமாக ஏறும், கணக்குப் போட்டால் ஏறத்தாழ நான்கு மடங்கு. டாக்போன் ஏன் முறுக்கானது என்று இப்போது தெரிகிறது இல்லையா.

பதில் சின்ன பினியன், அதாவது மோட்டார் தண்டில் உட்கார்ந்து ஸ்பரைச் சுழற்றுகிற குட்டிப் பல்சக்கரம். என் வண்டியில் ஸ்பர் 54 பல், பினியன் 18 பல். 18-ஐ 1.3-ஆல் வகுத்தால் 14 வருகிறது, அதனால் 14 பல் பினியன் போட்டேன். எண்களாகவே சொல்கிறேன், உங்கள் வண்டிக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். 3000 கேவி மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று), 2 செல்லில் 7.4 வோல்ட், ஆக நிமிடத்துக்கு 22,200 சுற்று. ஸ்பர்-பினியன் 3-க்கு 1, உள்ளே டிஃபரன்ஷியலோடு சேர்ந்து இன்னொரு 5-க்கு 1, மொத்தம் 15. பழைய டயரில் இது மணிக்கு சுமார் 32 கி.மீ. கியரை மாற்றாமல் பெரிய டயரும் 3 செல்லும் போட்டால் காகிதத்தில் சுமார் 63 கி.மீ. வரும், நிஜத்தில் வருவது புகைதான். 14 பல் பினியனோடு 3 செல் என்றால் 48-49 கி.மீ. பாரமில்லாத கணக்கு இது, மணலில் இன்னும் குறையும். எனக்கு இதுவே தாராளம்.

பினியன் வாங்கும்போது இரண்டு விஷயம். பல்லின் பிட்ச் (பல்லின் அளவு) ஸ்பரோடு ஒத்துப்போக வேண்டும், 32 பிட்ச்சும் 48 பிட்ச்சும் ஒன்றோடொன்று சேரவே சேராது. அப்புறம் மோட்டார் தண்டின் தடிமன்: சின்ன மோட்டார்களில் 3.17 மி.மீ., பெரிய 3660, 3674 அளவு மோட்டார்களில் பெரும்பாலும் 5 மி.மீ. பினியனின் சின்னத் திருகு, தண்டில் தட்டையாகச் சீவியிருக்கிற பக்கத்தில்தான் உட்கார வேண்டும், ஒரு சொட்டு நீல நிற திரெட் லாக்கும் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) வேண்டும். இரண்டு பல்லுக்கும் நடுவே இடைவெளி வைக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம், பழைய பஸ் டிக்கெட்டை நடுவில் செருகி மோட்டாரை ஸ்பரோடு அழுத்திப் பிடித்துத் திருகை இறுக்குங்கள், அப்புறம் டிக்கெட்டைச் சுற்றி வெளியே எடுத்தால் அது மடிந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. கிழிந்தால் நெருக்கம் அதிகம்.

அடுத்தது ஆக்சில். பிளாஸ்டிக் டாக்போனை எடுத்துவிட்டு ஸ்டீல் சிவிடி (மூட்டு வைத்த தண்டு) போடுங்கள், நான்கு வீல் டிரைவ் என்றால் முன்பக்கத்துக்கும் சேர்த்து. சக்கரம் மாட்டும் அறுகோணம் 12 மி.மீ. பிளாஸ்டிக்காக இருந்தால் பெரிய டயர் அதை இரண்டே நாளில் வட்டமாக்கிவிடும். 17 மி.மீ. அலுமினிய அடாப்டர் போடுங்கள். இதனால் வண்டி இரு பக்கமும் கொஞ்சம் அகலமாகும், உயரம் கூடிய வண்டிக்கு அது நல்லதுதான், திருப்பத்தில் உருள்வது குறையும்.

ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கம்பெனி சர்வோ 3 கிலோ இழுத்தால் அதிசயம். நிற்கிற இடத்தில் இந்த டயரைத் திருப்ப 15 முதல் 20 கிலோ இழுக்கிற, மெட்டல் கியர் சர்வோ வேண்டும். ஆனால் அது மின்சாரத்தையும் அதே அளவுக்குக் குடிக்கும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சிக்குள், சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் கொடுக்கும் பெக் சின்னதாக இருந்தால், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிக்கொண்டே ஆக்சிலேட்டர் அழுத்தும் நேரத்தில் ரிசீவருக்கு வோல்ட் இறங்கி ஒரு நொடி செத்துப் பிழைக்கும். அந்த ஒரு நொடியில் வண்டி எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை. தனியாக ஒரு யுபெக் (வெளியே வைக்கும் பெக்) போடுவதுதான் நிம்மதி.

இப்போது டயர். ரப்பரை ரிம்மில் வெறுமனே மாட்டி ஓட்டினால் வேகத்தில் அது தோசைக்கல்லில் போட்ட அப்பளம் மாதிரி விரிந்து கழன்றுவிடும். ஓரங்களை சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, தண்ணீர் மாதிரி ஓடும் சூப்பர் குளூவைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நான் முதலில் செருப்புக்கு ஒட்டுகிற மஞ்சள் பசையை நம்பினேன், இரண்டாவது திருப்பத்திலேயே டயர் தனியாக ஓடியது. உள்ளே குறுக்காகத் துணி டேப் இரண்டு சுற்று ஒட்டினால் விரிவது நன்றாகக் குறையும்.

உள்ளே வைக்கிற ஃபோம் விஷயத்தில் நம்ம ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ வேலை நடப்பதால் ஈவிஏ ஃபோம் ஷீட் சுலபமாகக் கிடைக்கும். டயரின் உள் அகலத்தையும் சுற்றளவையும் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா, இது எந்தக் காலுக்கு?” என்றார். “காலுக்கு இல்ல பாய், டயருக்கு” என்றதும் அடிப்பாக ஷீட்டைத் தள்ளிவிட்டு உள்பாதத்துக்குப் போடுகிற மெத்தென்ற ஷீட்டை எடுத்துப் போட்டார். அதுதான் சரி. அடிப்பாகத்துக்கான கெட்டி ஷீட்டைப் போட்டால் வண்டி கல்லில் குதித்துக்கொண்டே இருக்கும். 10 மி.மீ. தடிமனில் பட்டை வெட்டிச் சுற்றி, முனைகளை ஒட்டி உள்ளே தள்ளுங்கள். டயரின் நடுவில் எதிரெதிராக இரண்டு சின்னத் துளை போட்டால் உள்ளே போன தண்ணீர் சுழற்சியிலேயே வெளியே தெறித்துவிடும்.

பாடி உரசும். பாலிகார்பனேட்டைச் சாதாரண கத்தரிக்கோலால் வெட்டினால் விரிசல் விடலாம். வளைந்த கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, சஸ்பென்ஷனை அழுத்திப் பார்த்து வெட்டுங்கள். ஷாக்கில் கெட்டியான எண்ணெய் வேண்டும், இந்த எடைக்கு முதலில் இருந்தது நீர்த்துப்போன மோர்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பவர். கார்பன் பிரஷ் வைத்த மோட்டாரில் 3 செல் போட்டு ஆயுளை எதிர்பார்க்காதீர்கள். பிரஷ்லெஸ் மோட்டாரும் அதற்கு ஈடான இஎஸ்சியும் ஒன்றாகவே வாங்குங்கள், பெரிய டயருக்கு கேவி குறைந்த, உடம்பு பெரிய மோட்டார். இஎஸ்சியில் லிப்போ கட்-ஆஃப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பேலன்ஸ் சார்ஜ்தான் (எல்லா செல்லையும் ஒரே வோல்ட்டுக்கு ஏற்றுவது), 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். நான் சார்ஜ் போடுவது மொட்டை மாடி நிழலில், பழைய மண்சட்டிக்குள். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு தடவை என்று ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

மே மாதம் நம்ம வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மோட்டார் ஏற்கெனவே பாதி சூட்டில்தான் கிளம்புகிறது. ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, சூடு பார்க்கும் கன்னால் பாருங்கள். 80-ஐத் தாண்டினால் பினியனில் இன்னும் ஒரு பல் குறையுங்கள். காலை ஏழு மணிக்குப் போவது எல்லாவற்றையும்விட மலிவான கூலிங்.

இறக்குவதற்கு முன் வண்டியை ஒரு செங்கல்லின் மேல் தூக்கி வைத்து லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தபடி ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், சிக்னல் போனதும் வண்டியை நிறுத்தும் ஃபெயில்சேஃப் சரியாக வைக்கவில்லை, அன்றைக்கு ஓட்டாதீர்கள். 48 கி.மீ. வேகத்தில் நான்கு கிலோ வண்டி ஒரு பிள்ளையின் முழங்காலில் பட்டால் பொம்மை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோட்டை மைதானத்துப் பக்கம் சாயந்திரம் கூட்டம் இருக்கும், அங்கே வேண்டாம். ஆற்றில் சீமைக்கருவேல முள் இல்லாத திட்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெயின்ட் பிரஷால் மணலைத் தட்டிவிடுங்கள், தண்ணீரைப் பீய்ச்சினால் மணல் பேரிங்குக்குள்தான் போகும். அப்படியே சக்கர நட் நான்கையும் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள். என்னுடையது ஒன்று இன்னும் பாலாற்றில்தான் கிடக்கிறது.