பாடகரின் போஸ்டர் அஞ்சலி போஸ்டர் ஆகாமல் இருக்க

நான் முதன்முதலாக வடிவமைத்த போஸ்டரை ராயப்பேட்டையில் ஒரு டீக்கடைச் சுவரில் ஒட்டினோம். கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு வட்டத்துக்குள் பாடகரின் கறுப்பு வெள்ளைப் படம், கண் லேசாக மூடியபடி, கீழே பெயர், அதற்கும் கீழே தேதி. எனக்கு ரொம்ப ஸ்டைலாகத் தெரிந்தது. டீ மாஸ்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "சின்ன வயசா இருக்காரே தம்பி, எப்படித் தவறினாரு?" என்று கேட்டார். பாடகர் பக்கத்தில்தான் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

தப்பு டீ மாஸ்டர் மேல் இல்லை. சென்னைச் சுவர்களுக்கென்று ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது. வட்டத்துக்குள் முகம், கறுப்பு, ஒரு தேதி என்றால் கண்ணீர் அஞ்சலி. கும்பிட்ட கையும் வெள்ளைச் சட்டையும் என்றால் கட்சி. இதைக் கவனிக்காமல் ஏதோ வெளிநாட்டு ஆல்பம் அட்டையைப் பார்த்து அப்படியே இங்கே இறக்கினால் தெருவில் அர்த்தம் மாறிவிடும். கறுப்பு வெள்ளை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் பாடுகிற மாதிரி, வாசிக்கிற மாதிரி, கையில் கருவியோடு அசைவில் இருக்கட்டும், ஓரத்தில் ஒரு பளீர் நிறமாவது இருக்கட்டும். பாஸ்போர்ட் போட்டோ மட்டும் வேண்டாம்.

அடுத்து, பெரும்பாலானவர்கள் போஸ்டரை யாருக்காகச் செய்கிறோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள். பாடகருக்கும் அவர் நண்பர்கள் குழுவுக்கும் பிடித்தால் போதும் என்று நினைத்து, கணினித் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துச் செய்கிறோம். உண்மையில் அதைப் பார்க்கப்போகிறவர் 29சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், சிக்னலில் பைக்கை நிறுத்திவிட்டுப் போனைத் தடவிக்கொண்டிருக்கிறார், உங்கள் பாடகரின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவருக்கு நாலு விஷயம் போதும்: யார், என்ன மாதிரிப் பாட்டு, எப்போது, எங்கே. இதில் இரண்டாவதைத்தான் அதிகம் விடுகிறார்கள். 'ஓர் இனிய இசை மாலை' என்று போட்டால் கானாவா, கர்னாடகமா, ராப்பா, ஒன்றும் புரியாது. பிரிண்ட் எடுத்து எதிர் வாசலில் மாட்டிவிட்டுத் தெருவின் இந்தப் பக்கம் நின்று பாருங்கள். நாலும் தெரியவில்லையென்றால் திரும்பப் போய் உட்கார வேண்டியதுதான்.

தேதி விஷயத்தில் ஒரு பழைய வியாதி உண்டு. போன வருஷ ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவார்கள், கிழமை அப்படியே நிற்கும். ஒரே தேதி அடுத்த வருஷம் ஒரு கிழமை தள்ளிப்போகும், நடுவில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு. டிசம்பர் சீசனில் ஒரே மாலையில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஆழ்வார்பேட்டையிலும் கச்சேரிகள் நடக்கிற ஊரில், கிழமை தப்பாகப் போட்டால் ரசிகர் வேறு சபாவுக்குப் போய்விடுவார், உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். இடத்தையும் அரங்கின் பெயரோடு நிறுத்தாதீர்கள். கலைவாணர் அரங்கம் என்றால் வாலாஜா சாலை என்றும், அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம் என்றும் ஒரு வரி சேர்த்தால், தாம்பரத்திலிருந்து கிளம்புகிறவர் வரலாமா என்று யோசிப்பார். அனுமதி இலவசம் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பலர் டிக்கெட் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

கர்னாடகக் கச்சேரி என்றால் பக்கவாத்தியக்காரர்களின் பெயரைப் பொடி எழுத்தில் போடாதீர்கள். வயலின், மிருதங்கம், அப்புறம் கடமோ கஞ்சிராவோ என்று ஒரு வரிசை இருக்கிறது, அதை உங்கள் டிசைன் வசதிக்காகக் கலைத்தால் இரவு பத்து மணிக்குப் போன் வரும். இனிஷியலும் அப்படித்தான். ஊர்ப்பெயர் முன்னால் வருமா, அப்பா பெயரின் எழுத்து எது என்பதையெல்லாம் அவரிடமே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வழியாகக் கேட்டுக்கொண்டு, பின்னால் 'ர'வா 'ற'வா என்று அடித்துக்கொள்ள வேண்டாம்.

சரி, இப்போது எழுத்துரு. தமிழ்ப் போஸ்டர்கள் அதிகம் கெடுவது இங்கேதான். இல்லஸ்ட்ரேட்டரிலோ போட்டோஷாப்பிலோ இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைப் போடாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். 'கச்சேரி' என்ற சொல்லே உடைந்துவிடும், இரட்டைக்கொம்பு 'ச'வைத் தாண்டிப் போய் 'ரி'யை இடித்துக்கொண்டு நிற்கும். தமிழ் தெரியாத டிசைனருக்கு அது தப்பென்றே தெரியாது, பத்தடி பேனரில் அப்படியே போகும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் செய்த ஃபைல் என்றால் வேறு கூத்து. அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் உங்கள் பாடகர் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாய் வரும். அதனால் அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றுங்கள், ஆனால் திருத்தக்கூடிய மூலப் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவுட்லைன் ஆனபின் ஓர் ஒற்றெழுத்தைச் சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, ஆங்கிலத்துக்குச் செய்கிற வித்தையெல்லாம் தமிழுக்கு ஒத்துவராது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பரப்பினால் ஆங்கிலப் பெயர் அழகாக இருக்கும், தமிழில் துணைக்கால் தனியாக நடந்து போய்விடும். வரிகளை நெருக்கினால் மேல் வரியில் உள்ள 'சு', 'து'வின் வால் கீழ் வரியில் உள்ள 'கி', 'தீ'யின் விசிறியில் சிக்கும். ரொம்ப மெல்லிய எழுத்துரு எடுத்தால் தூரத்திலிருந்து புள்ளி காணாமல் போகும், 'பாட்டு' 'பாடடு' ஆகும். இலவசமாகவே கூகுள் ஃபான்ட்ஸில் காட்டமரன், முக்தா மலர், பலூ தம்பி, ஹிந்த் மதுரை என்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். எங்கிருந்தோ இறக்கிய திருட்டு எழுத்துருவை நம்ப வேண்டியதில்லை.

படத்துக்கு வருவோம். பெயர் வலது பக்கம் இருக்கிறது, பாடகர் இடது பக்கம் பார்க்கிறார், சரி படத்தைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். மிருதங்கக்காரர் படத்தைத் திருப்பினால் கறுப்புச் சோறு இட்ட வலந்தலை, அதாவது வலது கை வாசிக்கிற முகம், இடது கைக்குப் போய்விடும், வீணையின் குடம் பக்கம் மாறும், புடவை முந்தானை வலது தோளில் கிடக்கும். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை மாதிரி நிஜமாகவே இடது கைக்காரர்கள் உண்டு, அவர்களுக்கு மேடையில் உட்காரும் பக்கமே மாறும். ஆனால் உங்கள் டிசைன் வசதிக்காக ஒருவரை இடது கைக்காரராக்கினால் முதல் வரிசை மாமாக்கள் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். ஏஐ படங்களில் இதைவிட மோசம். கர்னாடக வயலின் என்று கேட்டால் பட்டுப்புடவை கட்டிய பெண் மேடையில் நின்றுகொண்டு மோவாயில் வயலினை இடுக்கி வாசிப்பதாக வரும். நம் ஊரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்கால் மேல் வைத்து வாசிப்பார்கள் என்பது அதற்குத் தெரிவதில்லை. விரல்களையும் எண்ணிப் பாருங்கள்.

இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடுவதும் வம்புதான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை உங்களுக்கு. கச்சேரிக்கு வந்த ஒருவர் தானாக எடுத்த படம் என்றால் அவருக்கு. கேட்டுவிட்டுப் போடுங்கள், பெயரையும் போடுங்கள்.

அச்சுக்குப் போகும்போது: திரையில் ஜொலிக்கிற நியான் பச்சையும் ஊதாவும் காகிதத்தில் அழுது வடியும், ஏனென்றால் அச்சு நாலு மையில் நடப்பது, அதனால் முதலிலேயே அந்த நாலு மைக்கான சிஎம்ஒய்கே-யில் செய்யுங்கள். படம் அச்சளவில் 300 டிபிஐ, சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டும்போது போகிற ஓரம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல், ஆயிரம் என்றால் ஆஃப்செட், ஏனென்றால் ஆஃப்செட்டில் தட்டு போடுகிற செலவு முதலிலேயே வந்துவிடும். அப்புறம், கெட்டியான பளபளப்பு அட்டையில் அடித்துச் சுவரில் ஒட்ட முடியாது, மைதா பசைக்கு மெல்லிய காகிதம்தான் நிற்கும். நான் ஒருமுறை ஆசைப்பட்டு ஆர்ட் கார்டில் அடித்தேன், காலையில் எல்லாம் நடைபாதையில் கிடந்தன.

க்யூஆர் கோடு போடுகிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். ஸ்கேன் செய்கிற தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது அதன் அகலம் இருக்க வேண்டும். ஒரு மீட்டரில் நின்று எடுக்க 10 செ.மீ. வேண்டும். மெரூனில் தங்க நிறத்தில் போட்டால் அழகு, ஆனால் போன் படிக்காமல் போகலாம். வெள்ளையில் கறுப்பு, சுற்றிலும் வெற்றிடம், அச்சடித்த தாளிலேயே சோதனை. அதே போஸ்டரைச் சதுரமாக வெட்டி இன்ஸ்டாவில் போடாதீர்கள், பதிவுக்கு 1080க்கு 1350, ஸ்டோரிக்கு 1080க்கு 1920 பிக்சல் என்று தனித்தனியாக அமையுங்கள்.

ஒட்டுகிற இடம். பொது இடங்களை அலங்கோலமாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1959லிருந்தே சட்டம் இருக்கிறது, மேம்பாலத் தூணில் ஒட்டிவிட்டுப் பாடகரின் போன் எண்ணையும் கீழே போடுவது புத்திசாலித்தனமில்லை. பேனர் பக்கமே போகாதீர்கள், 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. நவம்பரில் ஒட்டினால் மழை கரைக்கும், வியாழன் இரவு ஒட்டினால் வெள்ளிக்கிழமைப் படத்தின் போஸ்டர் மேலே ஏறும். அனுமதி வாங்கிய கடைகள், மியூசிக் வகுப்புகள், கல்லூரி அறிவிப்புப் பலகைகள் போதும். கர்னாடகக் கச்சேரி என்றால் சபா கேன்டீனை விட நல்ல இடம் கிடையாது, காபிக்கு வரிசையில் நிற்கிறவர் எழுத்தெழுத்தாகப் படிப்பார். கேன்டீன்காரரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள், இன்றைய மெனுவை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.