ஈரலில் சின்ன நீர்க்கட்டி: செய்யக்கூடாதவை

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கான் எடுக்கப் போவார்கள். கல் இருக்காது, ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘ஈரலில் 1 சென்ரிமீற்றர் நீர்க்கட்டி’ என்று இருக்கும். அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்காது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கட்டி என்றாலே புற்றுநோய் என்றுதான் மனம் போகிறது. அந்த முடிவுக்குத் தாவுவதுதான் முதல் தவறு.

இப்படித் தற்செயலாகத் தெரியும் சின்னக் கட்டிகளில் பெரும்பாலானவை பிறவியோடு வந்தவை. ஈரலுக்குள் பித்தக் குழாய்கள் உருவாகும்போது ஏதோ ஒரு நுண்குழாய் மற்றவற்றோடு சேராமல் தனித்துப்போய்விடும். அதற்குள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நீர் சேரும். அதனால்தான் 40 வயதுக்கு மேல், பெண்களிடம் கூடுதலாக, இது கண்ணில் படுகிறது. இந்த அளவில் அது நோவு தருவதில்லை. ஆகவே வயிற்று நோவுக்குக் காரணம் இதுதான் என்று நினைத்து, இரைப்பைப் புண் போன்ற உண்மையான காரணத்தைத் தேடாமல் விடாதீர்கள். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தாலும் இது கரையாது. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத கசாயங்கள் ஈரலையே பழுதாக்கிவிடும்.

அதற்காக எல்லாக் கட்டியும் ஒன்று என்றும் இருந்துவிடக்கூடாது. ரிப்போர்ட்டில் தடித்த சுவர், உள்ளே தடுப்புகள் என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு பார்த்தே ஆகவேண்டும். கட்டிகள் பல இருந்தால் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்; இரண்டிலும் வருவது குடும்பவழி நோயாக இருக்கலாம்.

நாயின் குடலில் வாழும் சின்ன நாடாப்புழு ஒன்றாலும் ஈரலில் கட்டி வரும். ஆடு, மாடு அறுத்த கழிவைத் தின்னும் நாய்க்கு அது தொற்றும். நாயின் மலத்தில் வரும் முட்டைகள் கழுவாத கை, கீரை, தண்ணீர் வழியாக நமக்குள் போகும். ‘ஊசியால நீரை எடுத்துவிடுங்கோ டொக்டர்’ என்று வற்புறுத்துவது இங்கேதான் ஆபத்து. அந்தக் கட்டி கசிந்தால் உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை வரலாம், நோய் வயிறெங்கும் பரவலாம். நாய், ஆடு, மாடு வளர்க்கிறவர்கள் கேட்காமலே அதைச் சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல், நடுக்கம், வலது விலாவுக்குக் கீழே நோ இருந்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் நடந்த ஆய்வுகள் அமீபாவால் வரும் சீழ்க்கட்டிக்கும் கள்ளுக்கும் தொடர்பு காட்டியிருக்கின்றன. கள்ளுக் குடிக்கிற பழக்கத்தை வெட்கப்பட்டு மறைப்பதால் நோயைக் கண்டுபிடிப்பது பிந்துகிறது. கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வன்னியில் சொல்லியே ஆகவேண்டியது இன்னொன்று. 2009இல் போர் முடிந்த பிறகும் உடம்புக்குள் செல் (எறிகணை) துண்டோடு வாழ்கிறவர்கள் நம்மிடையே பலர். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். சாதாரண ஸ்கானுக்கும் சி.ரி. ஸ்கானுக்கும் அந்த ஆபத்து இல்லை. வயிற்றில் பழைய காயம் பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், காயம் பட்ட ஈரலிலும் நீர்க்கட்டி உருவாகும். காயத்தைப் பற்றிப் பேசவே பலருக்கு மனம் வராது. நடந்த கதை முழுவதையும் சொல்லத் தேவையில்லை; எந்த இடத்தில் துண்டு இருக்கிறது என்று காட்டினால் போதும்.