கட்சி ஒன்று சொல்ல, வேட்பாளர் வேறு சொன்னால்

மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையில் எம்.பி. இடம் குறையும் என்று, ‘நிறையப் பெத்துக்கோங்க’ என அரசியல்வாதிகள் மேடையேறிச் சொல்லும் காலம் இது. அதே மேடைக்காரர்களில் ஒருவர் ராயபுரத்திலோ ஆர்.கே. நகரிலோ ‘எத்தனை குழந்தை, எப்போது என்பது பெண்ணின் முடிவு’ என்றால், அவருக்காக ஓட்டுக் கேட்கும் நீங்கள் அவரை ‘கலகக்காரர்’ என்று புகழாதீர்கள். அடுத்த முறை சீட்டு கிடைக்காது.

கொள்கை பேசாமல், அரசு மையங்களில் கருத்தடை மருந்து ஸ்டாக் இருக்கிறதா என்று அவரைப் பேசவையுங்கள். அந்தரா என்ற கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. சாயா என்ற கருத்தடை மாத்திரை முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘அடுத்த வாரம் வாம்மா’ என்றால் தவணை தப்பும். எந்த மையம், எந்தத் தேதி, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெண்களின் பெயர் வேண்டாம். காசிமேட்டில் காலையில் கூட்டம் போட்டால் ஆள் வராது, மீன் வியாபார நேரம். மதியத்துக்குமேல் வையுங்கள்.

நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம். வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் செலவு செய்தால் குற்றம். அனுமதி இருந்தால் அது அவர் கணக்கில் ஏறும் (சட்டமன்றத்துக்கு உச்சவரம்பு 40 லட்சம்). வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் கூட்டம் கூடாது.

ஜெயித்தபின் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப்போடச் சொல்லாதீர்கள். கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போகலாம். கேள்வி நேரத்தில் அந்தத் தாளை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.