ஒரே ஆர்டர், மூன்று முறை

பேரணாம்பட்டில் மாமா ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். ஆன்லைனில் ஆர்டர் படிவம் வந்ததும் ஏஐ ஏஜென்ட் அதைப் படித்து, எந்த சைஸில் எத்தனை ஜோடி என்று ஷீட்டில் ஏற்றி, கட்டிங் பிரிவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். வேலூரில் வீட்டிலிருந்தபடியே அமைத்துக் கொடுத்தேன்.

முதல் வாரமே போன். "மாப்ளே, ஆர்டர் 120 ஜோடிதான். இங்க 360ன்னு நிக்குது. நல்லவேளை, தோல்ல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி மேஸ்திரி கேட்டாரு."

ஏஜென்ட் ஓடிய பதிவை (லாக்) திறந்தால் ஒரே ஆர்டர் எண் மூன்று முறை ஓடியிருந்தது. ஏஜென்ட்டைச் சந்தேகப்பட்டு ஒரு மணி நேரம் அதற்கு எழுதிய கட்டளையை (பிராம்ப்ட்) மாற்றிக்கொண்டிருந்தேன், வெட்டி வேலை. கோளாறு ட்ரிக்கரில், அதாவது ஏஜென்ட்டைத் தொடங்கி வைக்கும் இடத்தில். படிவம் வந்ததைத் தானாகவே தெரிவிக்கும் செய்திதான் வெப்ஹூக். அதை அனுப்பும் சேவைக்குச் சில நொடிகளில் 200 (கிடைத்தது) என்ற பதில் போகாவிட்டால், சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். நானோ ஏஜென்ட் வேலையை முழுசாக முடித்த பிறகுதான் பதில் தந்துகொண்டிருந்தேன். அதற்கு 40 நொடி.

இப்போது படிவம் வந்ததும் முதலில் ஆர்டர் எண் டேபிளில் பதிவாகும். அந்த நெடுவரிசையில் ஒரு எண் ஒருமுறைதான் வரலாம் (யூனிக்) என்பதால் அதே எண் இரண்டாம் முறை நுழையாது. பிறகு படிவம் காத்திருப்பு வரிசையில் (கியூ) சேரும், உடனே 200 போய்விடும். ஏஜென்ட் கியூவிலிருந்து நிதானமாக எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் இன்னொன்று. காலை 9 மணிக்கு வர வேண்டிய ஆர்டர் சுருக்கம் மதியம் 2:30க்கு வந்தது. சர்வர் கடிகாரம் யூடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் க்ரானில் 30 3 * * * (தினமும் யூடிசி 3:30) என்று மாற்றியதும் சரியானது.

மாமா இன்னும் நோட்டிலும் எழுதி வைக்கிறார். நான் தடுக்கவில்லை.