செம்பரம்பாக்கம் நிரம்பினால் நல்லதா, கெட்டதா? அடையாற்றில் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஐப்பசி பிறந்ததும் சென்னையில் ஒரு வேலை ஆரம்பமாகிவிடும், செம்பரம்பாக்கம் ஏரி இன்றைக்கு எத்தனை அடி என்று பார்ப்பது. 22 அடியைத் தொட்டால் குடிநீருக்குக் கவலையில்லை என்று ஒரு கூட்டம் சொல்லும், வெள்ளம் வந்தால் பரண்மேல் எதையெல்லாம் ஏற்றி வைக்கலாம் என்று இன்னொரு கூட்டம் யோசிக்கும். இரண்டு கூட்டமும் சொல்வது சரிதான். மொத்தம் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு உள்ள அந்த ஒரே ஏரிதான் கோடைக்குத் தண்ணீரும் சேர்த்து வைக்க வேண்டும், டிசம்பர் மழையையும் தாங்க வேண்டும். வெள்ளத் தடுப்புக்குத் தனியாக ஒரு திட்டம், குடிநீருக்குத் தனியாக ஒரு திட்டம் என்று போட்டுக்கொண்டே போவதுதான் முதல் தவறு, மற்ற பெரும்பாலான தவறுகள் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

2015 வெள்ளத்துக்குப் பிறகு மழைக்காலத்தில் ஏரியைப் பெரும்பாலும் இரண்டு அடி குறைவாகவே வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த இரண்டு அடியை நம்பி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். மேல்மட்ட இரண்டு அடி என்பது தோராயமாக அரை டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி). சென்னைக்கு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு டிஎம்சி தேவை, அதாவது நகரத்தின் பதினைந்து நாள் தண்ணீரை விட்டுக்கொடுத்துத்தான் அந்த இடத்தைக் காலியாக வைக்கிறோம். சரி, அது எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும்? 2015 டிசம்பர் 1 இரவு ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்தது விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி. அந்த வேகத்தில் தண்ணீர் உள்ளே வந்தால் அரை டிஎம்சி இடம் ஐந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும், அவ்வளவுதான். அதனால் எத்தனை அடி காலியாக வைத்தோம் என்பதைவிட மழை வரப்போகிறது என்று தெரிந்ததும் எப்போது ஷட்டரைத் தூக்கினோம் என்பது பெரிய கேள்வி. நவம்பர் கடைசியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கலாம் என்று ஒரு தரப்பு அன்றைக்கே கேட்டது, ஏரியில் இன்னும் கொஞ்சம் தேக்கித் திறப்பைக் குறைத்திருக்கலாம் என்று 2018-ல் வந்த சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு) அறிக்கை சொன்னது. ஆனால் முன்கூட்டியே திறந்துவிட்டு மழை பொய்த்துப் போனால், 2019 ஜூன் மாதிரி ஏரிகள் வறண்டு கிடக்கும்போது, அதே அதிகாரியைத்தான் திட்டுவோம் என்பதும் உண்மை. எழுதி வைத்த தெளிவான திறப்பு விதி இருந்தால் ஒழிய யாரும் துணிந்து முடிவெடுக்க மாட்டார்கள்.

அடுத்தது, எங்கே தண்ணீர் புகுந்தாலும் செம்பரம்பாக்கத்தைக் கை காட்டுவது. வரைபடத்தை ஒரு தடவை பார்த்தால் போதும். அடையாறு ஆதனூர் பக்கத்தில் கிளம்பி, மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம் என்று வரிசையாக இருக்கும் ஏரிகளின் உபரிநீரை வாங்கிக்கொண்டு வருகிறது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலைப் பக்கத்தில்தான் அதோடு சேர்கிறது. தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன, அங்கே வீட்டுக்குள் வருவது செம்பரம்பாக்கத்துத் தண்ணீரே இல்லை. 2015-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது 49 செ.மீ. அந்தத் தண்ணீரைத் தடுக்க அன்று ஷட்டர் கிடையாது, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்தால் நேராக ஆற்றுக்குத்தான். பெரிய ஏரிக்கு மட்டும் காசு ஒதுக்கிவிட்டு இந்தச் சின்ன ஏரிகளின் கரையையும் கலங்கலையும் விட்டுவிட்டால் எந்தத் திட்டமும் பாதித் திட்டம்தான். மேல் ஏரியின் கரை உடைந்தால் கீழ் ஏரிக்கு ஒரே மூச்சில் தண்ணீர் வரும், அதுவும் உடையும்.

ஆற்றை அகலப்படுத்துவதில் ஒரு வரிசை இருக்கிறது. கீழிருந்து மேலே போக வேண்டும். பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் முகத்துவாரத்தில் மணல் மேடு அடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே அகலப்படுத்தி, கான்கிரீட் சுவர் கட்டி, தண்ணீரை வேகமாக அனுப்பினால் அது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் போய் முட்டும். கடல் ஏற்றமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சுவர் கட்டுகிறவர்கள் தெருத் தண்ணீர் ஆற்றுக்குள் போக வழியும், ஆறு உயர்ந்தால் அது திரும்பி வராதபடி அடைப்பானும் வைக்கவில்லை என்றால், ஆறு வற்றிய பிறகும் தெருவில் முழங்கால் ஆழம் நிற்கும். இதெல்லாம் சொல்லும்போது, விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை ஆற்றுக்கு மேலேயே போகிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

தூர்வாருவது பற்றியும் ஒரு வார்த்தை. ஏரியை ஆழப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். மதகின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய இடத்தில் நிற்கும் தண்ணீர் தானாக வெளியே வராது, மோட்டார் வைத்துத்தான் எடுக்க வேண்டும். நிலத்தடி நீருக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் வெள்ளத்துக்கு அது உதவாது, முதல் மழையிலேயே அந்தப் பள்ளம் நிரம்பிவிடும். வரத்துக்கால்வாயில் வீடு கட்டியிருந்தால் ஏரியை எவ்வளவு தோண்டியும் தண்ணீர் வந்து சேராது.

"நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வெள்ளம், வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது" என்று சொல்லி வீடு விற்கிறார்கள், வாங்குகிறோம். அதன் அர்த்தம் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான். முப்பது வருஷ வீட்டுக்கடன் முடிவதற்குள் அப்படி ஒன்று வர ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

கடைசியாக எச்சரிக்கை. "விநாடிக்கு 6,000 கன அடி திறப்பு, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்று அறிவித்தால் ஜாபர்கான்பேட்டையில் இருப்பவருக்கு என்ன புரியும்? எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்தத் தெருவரை வரும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டும். 5,000, 10,000, 20,000 கன அடிக்கு எந்தெந்தத் தெரு மூழ்கும் என்று தெருவாரியாகப் பட்டியல் போட்டு, மழைக்கு முன்பே வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்கு, ஓர் அணை கட்டும் அளவுக்குச் செலவாகாது.